நாள் தப்பும் வயதில் மனம் படும் பாடு

கார்த்திகை தீபம், சித்ரா பௌர்ணமி, வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம், குலதெய்வத்துக்குப் பொங்கல். திருவண்ணாமலை போன்ற கோயில் ஊரில் எந்த விசேஷத்துக்கு நாள் குறித்தாலும், வீட்டுப் பெண்கள் காலண்டரில் தங்கள் தேதியையும் எண்ணிப் பார்ப்பார்கள். இரண்டும் மோதினால் மெடிக்கல் ஷாப்பில் ‘தள்ளிப்போடுற மாத்திரை’ கேட்டு வாங்குவார்கள். மருத்துவர் சீட்டு பெரும்பாலும் இருக்காது. அட்டையின் பின்புறம் நோரெதிஸ்டிரோன் 5 மி.கி. என்று அச்சிட்டிருக்கும். வழக்கமான தேதிக்கு மூன்று நாள் முன்பு தொடங்கி, தினம் மூன்று வேளை. நிறுத்திய சில நாளில் தீட்டு வந்துவிடும்.

25 வயதுப் பெண்ணுக்கு இந்தக் கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும். 45 வயதில் கணக்கே உடைந்துவிடுகிறது. போன மாதம் 23 நாளில் வந்தது, இந்த முறை 38 நாளாகியும் வரவில்லை என்றால், எந்தத் தேதிக்கு மூன்று நாள் முன்பு என்று எண்ணுவது? ஆகவே பத்து நாள் திருவிழா முழுக்க மாத்திரை ஓடும். கூடவே சிடுசிடுப்பு, காரணமில்லாத அழுகை, விடியும்வரை தூக்கமில்லாமை. வீட்டில் எல்லோரும் ‘திருவிழா அலைச்சல்’ என்று சொல்லிவிடுவார்கள். இதுபோன்ற புரோஜெஸ்ட்ரோன் வகை மருந்துகள் சில பெண்களின் மனநிலையைக் கீழே இழுக்கும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த பக்கவிளைவு. நோரெதிஸ்டிரோனின் ஒரு சிறு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாகவும் மாறுகிறது. அது ரத்த உறைவைத் தூண்டக்கூடும் என்பதால், காலில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

ஆனால் மாத்திரை போடாத பெண்களுக்கும் இந்த வயதில் மனம் தடுமாறுகிறது. அதன் வேர் எங்கே என்பதைக் கடந்த 30 ஆண்டு ஆராய்ச்சி ஓரளவு தெளிவாகவே காட்டியிருக்கிறது. நம் வீடுகளுக்கும் மருத்துவமனைகளுக்கும்தான் அது இன்னும் வந்து சேரவில்லை.

கடைசி மாதவிடாய்க்குப் பிறகு 12 மாதங்கள் தொடர்ந்து வராமலிருந்தால் அதை மெனோபாஸ் என்கிறார்கள். அதற்கு முந்தைய சில ஆண்டுகளும், நின்றபின் வரும் அந்த ஓராண்டும் சேர்ந்ததுதான் பெரிமெனோபாஸ். மேலை நாடுகளில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது சுமார் 51. இந்தியாவில் அது 46, 47 என்று மதிப்பிடப்படுகிறது. அப்படியானால் நம் ஊரில் தடுமாற்றம் 40ஐ ஒட்டியே தொடங்கிவிடலாம். ‘இந்த வயசுல என்ன மெனோபாஸ்?’ என்று கேட்பவர்கள் ஆங்கிலப் புத்தகத்தின் வயதை மனதில் வைத்துக் கேட்கிறார்கள்.

இந்தப் பருவத்தைப் பற்றிப் பரவலாக இருக்கும் நம்பிக்கை, ‘ஹார்மோன் குறைந்துபோகிறது, அதனால் மனம் சோர்கிறது’ என்பது. பாதிதான் உண்மை. கடைசியில் ஈஸ்ட்ரோஜன் குறையத்தான் செய்யும். ஆனால் சீராகக் குறைவதில்லை. கோடையில் திருவண்ணாமலைச் சுற்றுவட்டாரத்துக் கொல்லைகளில் போர்வெல் ஓடுவதைப் பார்த்தவர்களுக்குப் புரியும்: ஒரு நிமிடம் காற்று மட்டும் வரும், அடுத்த நிமிடம் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், மறுபடி நின்றுபோகும். சினைப்பையில் முட்டைகள் குறையக் குறைய, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை அதிகம் அனுப்பி விரட்டுகிறது. சில மாதம் சினைப்பை அதற்கு மசியாது. சில மாதம் அளவுக்கு மீறி மசிந்து, இளவயதில் இருந்ததைவிட அதிகமாகவே ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். 1996ல் நானெட் சன்டோரோவின் குழு பெரிமெனோபாஸ் பெண்களிடம் தினசரி சிறுநீர் மாதிரி எடுத்து ஆராய்ந்தபோது, ஈஸ்ட்ரோஜன் சராசரி இளம்பெண்களுடையதைவிடக் கூடுதலாகவே இருந்தது. முட்டை வெளிவராத மாதங்கள் பெருகுவதால் புரோஜெஸ்ட்ரோன்தான் முதலில் சரிகிறது.

இதனால்தான் லேப் தாளை நம்பி முடிவெடுப்பது ஏமாற்றுகிறது. மாதவிடாயின் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ எடுத்த ரத்தத்தில் எஃப்.எஸ்.எச். 40 என்று வரும். பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘அதிகம்’ என்று போட்டிருக்கும். ஆறு வாரம் கழித்து அதே லேபில் அதே பெண்ணுக்கு 8 வரலாம். இரண்டு தாளும் சரியானவையே. அன்றைய நாளைத்தான் அவை சொல்கின்றன. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 45 வயதைக் கடந்த பெண்ணுக்கு அறிகுறிகளை வைத்தே கண்டறிய வேண்டும், இதற்காக எஃப்.எஸ்.எச். பார்க்கத் தேவையில்லை என்கிறது. ‘ஸ்ட்ரா பிளஸ் 10’ என்ற சர்வதேச வரையறையும் முதலில் பார்ப்பது காலண்டரைத்தான்: அடுத்தடுத்த சுழற்சிகளின் நீளம் ஏழு நாளோ அதற்கு மேலோ வேறுபடுவது திரும்பத் திரும்ப நடந்தால் மாற்றம் தொடங்கிவிட்டது, 60 நாள் இடைவெளி விழுந்தால் பிற்பகுதிக்கு வந்தாயிற்று.

‘எல்லாம் நார்மல்’ என்று எழுதிய தாளைக் கையில் கொடுத்து அனுப்பப்பட்ட பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள். தாள் நார்மல், அவள் நார்மலாக இல்லை. அப்படியானால் தனக்குத்தான் ஏதோ கோளாறு என்று அவள் முடிவுகட்டுகிறாள்.

மனச்சோர்வுக்கும் இந்த ஆட்டத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் உறுதியாகக் காட்டியவை நீண்டகால ஆய்வுகள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் எலன் ஃப்ரீமன் குழு, அதற்குமுன் ஒருபோதும் மனச்சோர்வு வராத 231 பெண்களை 8 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2006ல் முடிவை வெளியிட்டது. அதே பெண்ணிடம், மாதவிடாய் ஒழுங்காக இருந்த காலத்தைவிட மாறும் காலத்தில் மனச்சோர்வு அறிகுறிகள் கடுமையாக இருக்கும் வாய்ப்பு 4 மடங்கு. அந்தப் பெண்ணின் ஹார்மோன் அளவுகள் எவ்வளவு ஏறி இறங்கின என்பதோடும் அது இணைந்து வந்தது. அதே ஆண்டு ஹார்வர்டின் லீ கோஹன் குழு சுமார் இரண்டு மடங்கு என்று கண்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2024ல் ஏழு ஆய்வுகளை, 9,141 பெண்களின் தரவை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது கூடுதல் வாய்ப்பு சுமார் 40 விழுக்காடு என்று வந்தது. எண்கள் வேறுபடுகின்றன, திசை ஒன்றாகத்தான் இருக்கிறது.

என் பார்வையில் இவற்றையெல்லாம்விடக் கூர்மையானது, அமெரிக்க தேசிய மனநலக் கழகத்தில் பீட்டர் ஷ்மிட் செய்து 2015ல் வெளியிட்ட சோதனை. மாதவிடாய் நின்றுவிட்ட இரண்டு வகைப் பெண்கள் அதில் பங்கேற்றார்கள். ஒரு வகையினருக்கு முன்பு பெரிமெனோபாஸ் காலத்தில் மனச்சோர்வு வந்து, ஹார்மோன் சிகிச்சையில் சரியாகியிருந்தது. மற்றவர்களுக்கு அப்படி எதுவும் வந்ததே இல்லை. எல்லோருக்கும் மூன்று வாரம் தோலில் ஒட்டும் எஸ்ட்ராடியால் (ஒரு வகை ஈஸ்ட்ரோஜன்) பட்டை. பிறகு, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாமல், பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்றுப் பட்டை மாற்றி ஒட்டப்பட்டது. ஹார்மோன் திடீரென்று விலக்கப்பட்டதும், முன்பு மனச்சோர்வு கண்டவர்களுக்கு அது திரும்பி வந்தது. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நேரத்தில் இரு சாராரின் ரத்தத்திலும் ஈஸ்ட்ரோஜன் அளவு ஒன்றுபோலவே இருந்தது.

அளவு ஒன்று, விளைவு வேறு. இந்த வயதுப் பெண்களின் மனநிலையைப் பேசும்போது இதைத்தான் முதலில் நினைவில் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். சில பெண்களின் மூளை ஹார்மோனின் ஏற்ற இறக்கத்தைக் கூர்மையாக உணர்கிறது. அது பிறவியிலும் வாழ்க்கையிலும் அமைந்த ஒரு கூருணர்வு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒன்றுமே தெரியாமல் நின்றுபோனதைச் சொல்லி ஒரு பெண்ணைக் குறை சொல்வது, ஒருவருக்கு ஒத்துக்கொண்ட உணவு இன்னொருவருக்கு ஏன் தடிப்பைக் கொண்டுவருகிறது என்று சண்டைக்குப் போவதற்குச் சமம். பிள்ளை பெற்றபோது மனச்சோர்வு கண்டவர்களும், மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் எப்போதும் மனம் குலைபவர்களும் இந்த வயதில் கூடுதலாகக் கவனிக்கப்பட வேண்டியவர்கள்.

மூளைக்குள் நடப்பதும் ஓரளவு தெரியும். மனநிலையைத் தாங்கும் செரடோனின் செயல்பாட்டோடு ஈஸ்ட்ரோஜன் பிணைந்திருக்கிறது. செரடோனினைச் சிதைக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ்–ஏ என்ற நொதி பெரிமெனோபாஸ் பெண்களின் மூளையில் கூடுதலாக இருப்பதை டொரன்டோ ஆய்வாளர்கள் ஸ்கேன் மூலம் 2014ல் காட்டினார்கள். புரோஜெஸ்ட்ரோனிலிருந்து உருவாகும் அலோபிரெக்னனோலோன் என்ற பொருள் மூளையை அமைதிப்படுத்தும். முட்டை வெளிவராத மாதங்களில் அதுவும் கிடைப்பதில்லை. எரிச்சலும் படபடப்பும் சோகத்துக்கு முன்பே வந்துவிடுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

இதில் தூக்கத்துக்குத் தனி இடமுண்டு. இரவில் திடீரென்று முகமும் கழுத்தும் கொதித்து, ரவிக்கை நனைந்து விழிப்பு வரும். சித்திரையில் இந்த மலையடிவாரத்து வீடுகளில் யாருக்குத்தான் வியர்க்காது? எனவே அறிகுறி வெயிலின் கணக்கில் போய்விடுகிறது. பௌர்ணமி என்றால் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் விடிய விடிய நடமாட்டம். அந்த இரவில் இட்லி அவிப்பவரும், பூக்கட்டுபவரும், டீக்கடையில் பாத்திரம் தேய்ப்பவரும் பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்கள். மாதம் ஒரு முறையாவது முழு இரவு விழித்து, மற்ற இரவுகளில் வியர்த்து விழித்து, காலையில் ‘ஏன் இப்படி எரிஞ்சு விழற?’ என்ற கேள்வியையும் வாங்கிக்கொள்ளும் பெண்ணுக்கு உடல் எவ்வளவு, வேலை எவ்வளவு, ஏச்சு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்தப் பரிசோதனையும் இல்லை.

அந்த வயது வாழ்க்கையும் லேசானதல்ல. மகள் கல்யாணம், மகன் வேலை, படுத்த படுக்கையான மாமியார், குழுக்கடன் தவணை, சில வீடுகளில் கணவரின் குடி. நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் பார்த்தபோது, மனச்சோர்வு பெண்களிடமும் 40–49 வயதினரிடமும் அதிகம் என்று பதிவு செய்தது. ஹார்மோன் மட்டுமே காரணம் என்று அதைப் படிக்க முடியாது. ஹார்மோனை ஒதுக்கிவிட்டும் படிக்க முடியாது.

‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்லிக்கொண்டு யாரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவதில்லை. ‘நெஞ்சு படபடன்னு அடிக்குது’, ‘கை கால் குடையுது’, ‘உடம்பெல்லாம் எரியுது’, ‘வெள்ளைப்படுது’. கோவாவில் விக்ரம் படேல் குழு 2000களின் தொடக்கத்தில் சுமார் 2,500 பெண்களை ஆராய்ந்தபோது, வெள்ளைப்படுதல் புகார் தொற்றுநோயைவிட மனவேதனையோடு நெருக்கமாக இணைந்திருந்தது. நம் ஊரில் இந்தப் புகார்களுக்குக் கிடைப்பது சத்து ஊசி, வைட்டமின் மாத்திரை, சில சமயம் ஒரு பாட்டில் டிரிப்ஸ். அன்று ஒருவர் தன்னைத் தொட்டுப் பார்த்தார் என்ற ஆறுதலில் இரண்டு நாள் தெளிவாக இருக்கும். பிறகு பழையபடிதான். ரத்தசோகையும் தைராய்டும் இதே அறிகுறிகளைக் காட்டும் என்பதால் அவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்; ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். இந்த வயதில் தாறுமாறாகப் போகும் உதிரம் அதை இன்னும் கூட்டுகிறது.

மாதவிடாய் நிற்பதை நம் பெண்கள் நிம்மதியாக எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் இங்கே மனப்பிரச்சினை குறைவு என்று ஒரு வாதம் உண்டு. அதன் மூலம் மார்ஷா ஃபிளின்ட் என்ற மானுடவியலாளர் 1975ல் எழுதிய கட்டுரை. ராஜஸ்தானிலும் இமாச்சலத்திலும் 483 ராஜபுத்திரப் பெண்களிடம் பேசிய அவர், மாதவிடாய் மாற்றங்களைத் தவிர வேறு தொல்லைகளை அவர்கள் அதிகம் சொல்லவில்லை என்றார். நின்றபின் அவர்களுக்குத் திரை விலகியது, ஆண்கள் இருக்கும் இடத்தில் உட்கார முடிந்தது. இதில் உண்மை உண்டு. நம் ஊரிலும் தீட்டு நின்றவளுக்குப் பூஜையறைக் கதவு எந்த நாளும் திறந்திருக்கும். சபரிமலைக்கு ஐம்பதைத் தாண்டிய பெண்கள் இருமுடி கட்டிப் புறப்படுகிறார்கள். ஆனால் அந்த விடுதலை நின்ற பிறகு வருவது. நிற்பதற்கு முந்தைய நான்கைந்து ஆண்டுகளில் அதே தீட்டு விதி நேர்மாறாக வேலை செய்கிறது: எப்போது வரும் என்று தெரியாததால் அவள் எதற்கும் ஒப்புக்கொள்ளவே அஞ்சுகிறாள். கோயில் வாசல்வரை போய்த் திரும்பியதும், சுமங்கலி பூஜையிலிருந்து பாதியில் எழுந்து போனதும் அவளுக்கு மறக்காது. பக்கத்திலேயே மேல்மருவத்தூரில் மாதவிலக்கு நாட்களிலும் பெண்கள் கருவறைவரை போக முடிகிறது என்பதால், இது மாற்ற முடியாத விதி என்றும் சொல்வதற்கில்லை. ஃபிளின்ட் பார்த்த நிம்மதியைக் காட்டி இந்த ஆண்டுகளின் அவஸ்தையை மூடக்கூடாது.

அந்த அவஸ்தையை ஒரே வெட்டில் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. ‘கர்ப்பப்பையை எடுத்துடுங்க டாக்டர், நிம்மதியா போகும்’ என்று பெண்களே கேட்கிறார்கள். எடுத்துவிடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூவர் கர்ப்பப்பை அகற்றப்பட்டவர்கள். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இது இன்னும் அதிகம். தேவையற்ற கர்ப்பப்பை நீக்கம் தொடர்பான வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்தில் ஏற்று நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. மனநிலையைப் பொறுத்தவரை இதில் இரண்டு தனி ஆபத்துகள். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்தால், பல ஆண்டுகளில் நடக்க வேண்டிய ஹார்மோன் வீழ்ச்சி ஒரே நாளில் நடந்துவிடுகிறது. சினைப்பைகளை விட்டுவைத்தால் ஏற்ற இறக்கம் தொடரும், ஆனால் உதிரப்போக்கு இல்லாததால் அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் போய்விடும். 44 வயதில் மனம் கலங்கும் அந்தப் பெண்ணிடம் ‘உனக்குத்தான் எல்லாம் எடுத்தாச்சே’ என்பார்கள்.

சிகிச்சை இருக்கிறது. சோர்வு மிதமாக இருந்தால் பேச்சு சிகிச்சையும் தூக்கத்தைச் சீர்படுத்துவதும் நல்ல பலன் தரும். மனச்சோர்வு நோயாகவே முற்றியிருந்தால், மற்ற வயதினருக்குத் தரும் மனச்சோர்வு மருந்துகளே இங்கும் முதல் வழி. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கத்தின் 2018 வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. ஹார்மோன் சிகிச்சைக்கும் ஆதாரம் உண்டு. 2001ல் கிளாடியோ சோரேஸ் குழு 50 பெண்களிடம் செய்த ஆய்வில், எஸ்ட்ராடியால் பட்டை ஒட்டியவர்களில் 68 விழுக்காட்டினர் தேறினார்கள். வெற்றுப் பட்டை ஒட்டியவர்களில் 20 விழுக்காடு. 2018ல் வட கரோலினாவில் 172 பெண்களிடம் ஓராண்டு நடந்த ஆய்வில், எஸ்ட்ராடியாலும் இடையிடையே புரோஜெஸ்ட்ரோனும் பெற்றவர்களில் 17 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 32 விழுக்காட்டினருக்கும் மனச்சோர்வு அறிகுறிகள் தோன்றின. கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்ட்ரோன் சேர்த்தே தர வேண்டும். மார்பகப் புற்றுநோய், ரத்த உறைவு, காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்களுக்குப் பொதுவாக இது கூடாது. 2002ல் அமெரிக்காவின் பெரிய ஹார்மோன் ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டதிலிருந்து எழுந்த அச்சம் இன்னும் தீரவில்லை. அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எல்லாப் பெண்ணுக்கும் மருந்து என்று நான் வாதாடவில்லை. 2024ல் வெளிவந்த லான்செட் மெனோபாஸ் தொடர், பெரும்பாலான பெண்கள் மனநோய் எதுவுமின்றி இந்தப் பருவத்தைக் கடக்கிறார்கள் என்று நினைவூட்டியது சரியே. யாருக்கு ஆபத்து அதிகம் என்பதையும் அது சொன்னது: முன்பு மனச்சோர்வு கண்டவர்கள், இரவு வியர்வையால் தூக்கம் கெட்டவர்கள், அதே நேரத்தில் வாழ்க்கை நெருக்கடியில் சிக்கியவர்கள். இவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் முதலில் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு ஆள் ஏற்கெனவே வீட்டு வாசலுக்கு வருகிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், மகளிர் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர்கள் 45 வயதைக் கடந்தவர்களின் வீடுகளுக்கே ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பிரஷர் மெஷினின் பட்டையைக் கையில் சுற்றும் அந்த இரண்டு நிமிடத்தில் மூன்று கேள்விகள் போதும். தீட்டு ஒழுங்காக வருகிறதா? ராத்திரி தூக்கம் வருகிறதா? கடந்த இரண்டு வாரமாக எதிலும் மனம் ஒட்டாமல் இருக்கிறதா? கேட்பவரும் அதே தெருவில் வசிக்கும் ஒரு பெண் என்பதால் பதில் வரும். பதிலில் தடுமாற்றம் தெரிந்தால், வீட்டுக் காலண்டரில் தீட்டு நாளுக்கு ஒரு புள்ளி, தூங்காத இரவுக்கு ஒரு கோடு, அழுத நாளுக்கு ஒரு சுழி என்று மூன்று மாதம் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போகச் சொல்லலாம். எந்த லேப் தாளைவிடவும் அந்தக் காலண்டர் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் நல மருத்துவர்களும் மனநல மருத்துவர்களும் இருக்கிறார்கள். வாரம் ஒரு பிற்பகல் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்தால், 40 வயதைக் கடந்த பெண் இரண்டு ஓ.பி. சீட்டு போட்டு இரண்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மனநலப் பிரிவின் வாசலில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயப்படவும் வேண்டாம். புதுக் கட்டடமோ புதுக் கருவியோ இதற்குத் தேவையில்லை. அதுவரை, செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் காலண்டரில் குறித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. மாநில அரசின் 104, மத்திய அரசின் டெலிமானஸ் 14416 ஆகிய எண்களில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். கூப்பிடுவதற்குக் கட்டணம் இல்லை.